எம்.ஜி.பி. காரின் எக்ஸாஸ்டை நீங்களே மாற்றலாம்: மேனிஃபோல்டு முதல் வால் குழாய் வரை

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில், வீட்டு கராஜில் வைத்தே வேலை பார்க்க ஏற்றது எது என்று கேட்டால் எம்.ஜி.பி. என்றுதான் சொல்வேன். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது. உதிரி பாகங்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. அடியில் படுத்துப் பார்த்தால் எது எங்கே போகிறது என்று புரிந்துவிடும். எக்ஸாஸ்ட் மாற்றுவதை ஒரு சனிக்கிழமை வேலை என்பார்கள். ஸ்டட் (நட்டு ஏறும் தலையில்லாத போல்ட்) ஒன்று முறிந்தால் ஞாயிறும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே சொல்வது 1798 சி.சி. நான்கு சிலிண்டர் எஞ்சினும் இரட்டை எஸ்.யூ. நிறுவனக் கார்புரேட்டர்களும் உள்ள எம்.ஜி.பி.க்கு. ஆறு சிலிண்டர் எம்.ஜி.சி., எம்.ஜி.பி. ஜி.டி. வி8 இரண்டுக்கும் குழாய் அமைப்பே வேறு. 1975 முதல் அமெரிக்காவுக்குப் போன ஒற்றைக் கார்புரேட்டர் கார்களில் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்த் தொகுதி) வேறு, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் இருக்கலாம். அதைக் கழற்றுவதற்கு முன் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றை மனதில் வையுங்கள். எக்ஸாஸ்டின் முன்முனை எஞ்சினோடு பூட்டப்பட்டது, பின்பகுதி காரின் உடலில் ரப்பரில் தொங்குவது. எஞ்சின் தன் ரப்பர் மவுண்டுகளில் ஆடும், உடல் தன்போக்கில் குலுங்கும், குழாய் சூட்டில் நீளும். மூன்றுக்கும் இடம் கொடுத்து, எங்கும் இழுபடாமல் குழாய் உட்கார வேண்டும். இழுத்துப் பிடித்துப் பூட்டிய எக்ஸாஸ்ட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் எங்காவது விரிசல் விடும். கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒன்றுக்காகத்தான்.

எது போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சத்தம் கூடிவிட்டது என்பதற்காக மொத்தத்தையும் வாங்க ஓட வேண்டாம். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள். ‘டிக் டிக்’ என்று தாளம் தப்பாமல் ஒரு சத்தம் வந்து, எஞ்சின் சூடானதும் அது குறைந்தால், மேனிஃபோல்டு கேஸ்கெட்டோ (இணைப்பை அடைக்கும் மெல்லிய தகடு), மேனிஃபோல்டிலிருந்து கீழிறங்கும் டவுன் பைப் சேரும் இடமோ கசிகிறது. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால்தான் சத்தம் குறைகிறது. ஓடும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பின்னால் ‘பட் பட்’ என்று வெடித்தால், ஏதோ ஒரு இணைப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம். சைலன்சரை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டும்போது உள்ளே கலகலவென்றால் தடுப்புத் தகடுகள் விட்டுவிட்டன.

சைலன்சர் வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே மக்கிப் போயிருப்பது சாதாரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட பயணத்தில் அது ஆவியாக வெளியே போய்விடும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் காரில், எஞ்சினிலிருந்து மிகத் தள்ளி இருக்கும் பின் சைலன்சர் சூடாவதே இல்லை. தண்ணீர் அங்கேயே தேங்கி, எரிந்த வாயுவிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கிறது. பத்திரமாக மூடி வைத்து அபூர்வமாக ஓட்டப்படும் கிளாசிக் கார்களில் சைலன்சர் சீக்கிரம் போவதற்கு இதுவே காரணம்.

கசிவை வெறும் சத்தப் பிரச்சினையாக நினைக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. திறந்த காரில் என்ன ஆகப்போகிறது என்று தோன்றும். ஆனால் கார் ஓடும்போது அதன் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது, அங்கே வெளிவரும் புகை மறுபடி உள்ளே இழுக்கப்படலாம். கூரையை மூடி ஓட்டும்போது இன்னும் மோசம். பிரிட்டனில் நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. யாரும் அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை என்பதால் பார்க்கும் வேலை நம்முடையது.

எதை வாங்குவது

மூன்று வகை கிடைக்கும். சாதாரண இரும்பில் செய்து மேலே அலுமினியம் பூசியது மலிவு. அசல் காரில் வந்த சத்தத்துக்கும் இதுவே நெருக்கம். அடுத்தது 409 தர ஸ்டெயின்லெஸ். இதில் காந்தம் ஒட்டும், மேலே லேசாகப் பழுப்பேறும், ஆனால் உள்ளிருந்து மக்குவது மிக மெதுவாகத்தான். மூன்றாவது 304 தரம். பளபளப்பு நிற்கும், விலை அதிகம், சத்தம் கொஞ்சம் கணீரென்று இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்குத் தகரம் தட்டுவதுபோலத் தோன்றும்.

காரைக் குறைவாக ஓட்டுபவருக்குத்தான் ஸ்டெயின்லெஸ் அதிகம் தேவை. தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் மலிவானதையே வாங்கலாம், அவருடைய குழாய் தினமும் காய்ந்துவிடும். கேட்கத் தலைகீழாக இருந்தாலும் மேலே சொன்ன தண்ணீர்க் கணக்கு அப்படித்தான் வருகிறது.

304-ல் இன்னொரு குணமும் உண்டு. சாதாரண இரும்பைவிட அது சூட்டில் அதிகம் விரியும். மூன்று மீட்டர் குழாய் சராசரியாக 200 டிகிரி சூடேறினால் சுமார் 10 மி.மீ. நீளும். இடைவெளி விடும்போது இந்தப் பத்து மில்லிமீட்டரும் கணக்கில் வர வேண்டும்.

சைலன்சர் ஒன்றா, இரண்டா? அசல் அமைப்பில் நடுவில் ஒன்றும் பின்னால் ஒன்றும் உண்டு. ‘ஸ்போர்ட்ஸ்’ என்று விற்கும் ஒற்றைச் சைலன்சர் அமைப்புகள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க அருமையாக இருக்கும். நான்காவது கியரில் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாமல் மணிக்கு 70 மைல் போனால் இந்த எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3900 சுற்று சுற்றும், ஓவர்டிரைவ் போட்டால் 3100 அளவில். ஒற்றைச் சைலன்சரின் ‘ம்ம்ம்’ என்ற முழக்கம் இந்த எல்லைக்குள் எங்காவது வந்து உட்கார்ந்துவிட்டால் நெடுஞ்சாலையில் மண்டையிடிதான். நீண்ட தூரம் ஓட்டும் எண்ணம் இருந்தால் இரண்டு சைலன்சரே வாங்குங்கள்.

குழாய் மேனிஃபோல்டு, அதாவது ‘எக்ஸ்ட்ராக்டர்’, வேண்டுமா என்றும் கேட்பார்கள். எம்.ஜி.பி.யின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு அதன் காலத்துக்கு நல்ல வடிவமைப்பு. சிலிண்டர் ஹெட்டையும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டையும் மாற்றாத எஞ்சினில் குழாய் மேனிஃபோல்டு போட்டுப் பெரிய பலன் கிடைக்காது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். மெல்லிய குழாய்கள் வெளியிடும் சூடு நேரே கார்புரேட்டர் மேல் அடிக்கும், வெயில் நாளில் பெட்ரோல் கொதித்து ஐடிலிங் தடுமாறும். அதைச் சமாளிக்கக் குழாயைச் சுற்றி வெப்பத் துணி சுற்றுவார்கள். துணி ஈரத்தைப் பிடித்துவைத்து, இரும்புக் குழாயை அதன் மறைவிலேயே அரித்துவிடும். விரிசல் இல்லாத வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இருந்தால் அதைத் தொட வேண்டாம் என்பேன்.

கையில் இருக்க வேண்டியவை

இந்தக் காரில் நட்டு, போல்ட் எல்லாம் அங்குல அளவு. 7/16, 1/2, 9/16 அங்குல சாக்கெட்டுகளும் ஸ்பேனர்களும் கட்டாயம். ‘13 மி.மீ. கிட்டத்தட்டச் சரியாகத்தானே இருக்கிறது’ என்று தோன்றும். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. டவுன் பைப் நட்டுகள் பித்தளை, மெத்தென்றவை. அந்த 0.3 மி.மீ. தளர்வு போதும், முனைகள் உருண்டு நட்டு வட்டமாகிவிடும். அறுமுனை சாக்கெட்டே நல்லது, பன்னிருமுனை வேண்டாம்.

நீண்ட எக்ஸ்டென்ஷன், வளைந்து கொடுக்கும் மூட்டு, நல்ல ஊடுருவும் எண்ணெய், கம்பி பிரஷ், ஹாக்ஸா, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. தலைக்கு மேலிருந்து துரு கொட்டும் வேலை என்பதால் கண்ணாடி இல்லாமல் கீழே போகாதீர்கள்.

எக்ஸாஸ்டோடு சேர்த்தே சில்லறைச் சாமான்களையும் வாங்கிவிடுங்கள்: டவுன் பைப் கேஸ்கெட் இரண்டு, பித்தளை நட்டு ஆறு, ஸ்டட் ஆறு, கிளாம்புகள், ரப்பர் மவுண்டுகள் எல்லாம் புதிதாக, இணைப்புக்கான எக்ஸாஸ்ட் பேஸ்ட், செம்பு அல்லது நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமலிருக்கத் தடவும் பசை). பழைய ரப்பரிலேயே புதிய எக்ஸாஸ்டைத் தொங்கவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மட்டமான சிக்கனம். பாலியூரிதேன் மவுண்டுகள் நீண்ட நாள் உழைக்கும் என்று விற்பார்கள். அவை கெட்டியானவை, குழாயின் அதிர்வைத் தரைத்தகட்டுக்குக் கடத்தி, உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கவைக்கும். இங்கே சாதாரண ரப்பரே போதும்.

காரைத் தூக்குவது

கெட்டியான சமதளம் வேண்டும். முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கலாம். ஆக்சில் ஸ்டாண்டுகளைப் பின் ஆக்சில் குழாய்க்கு அடியிலேயே வையுங்கள். உடலுக்கு அடியில் வைத்தால் ஆக்சில் தொங்கிவிடும். தொங்கும் ஆக்சிலுக்கும் குழாய்க்கும் இடையே தாராளமாகத் தெரியும் இடைவெளி, கார் சக்கரத்தில் நின்றதும் காணாமல் போகலாம். ஆக்சிலில் நிற்கவைத்தால் ஸ்பிரிங் தன் வழக்கமான நிலையிலேயே இருக்கும், நீங்கள் பார்ப்பது உண்மையான இடைவெளி. முன்பக்கத்துக்குக் குறுக்குச் சட்டத்தின் அடியில் தூக்கி ஸ்டாண்டு வைக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகு காரைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டிப் பாருங்கள்.

பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். 1967 வரை வந்த முதல் வரிசைக் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். அடுத்த வரிசையான மார்க் 2-வில் ஆல்டர்னேட்டர் வந்தபோது அது நெகட்டிவ் எர்த்தாக மாறியது. இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கழற்றுங்கள். 1974 வரை சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பழையதைக் கழற்றுவது

முந்தைய நாளே எல்லா நட்டுகளின் மரையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள். காலையில் மறுபடி ஒரு முறை. இந்தப் பன்னிரண்டு மணி நேரம் உங்கள் கையில் உள்ள எந்தக் கருவியையும்விட அதிக வேலை செய்யும்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். சைலன்சர் இணைப்புகளில் கிளாம்பு கழன்றாலும் குழாய் கழலாது, துரு ஒட்டிப் பிடித்திருக்கும். அதோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை, ஹாக்ஸாவால் அறுத்துவிடுங்கள். ஆங்கிள் கிரைண்டர் வேகமானதுதான். ஆனால் பின்பகுதியில் பெட்ரோல் டேங்கும் பம்பும் இருக்கின்றன, பொறி பறக்கும் எதையும் அங்கே பயன்படுத்த மாட்டேன். வெட்டிய துண்டுகளை உடனே எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதியதைத் தரையில் வைத்து, பக்கத்தில் பழையதை வரிசையாக அடுக்கி நீளத்தையும் வளைவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தவறான மாடலுக்கான குழாய் பெட்டியில் வந்திருந்தால் அடியில் படுத்துத் திணறும் முன்பே தெரிந்துவிடும்.

கியர்பாக்ஸிலிருந்து வந்து டவுன் பைப்பைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டைக் கழற்றும்போது அது எப்படிப் பூட்டியிருந்தது என்று இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு வேலை செய்தவர் அதைத் தொலைத்திருந்தால் புதிதாக ஒன்று வாங்கியே ஆக வேண்டும். காரணம் பின்னால் சொல்கிறேன்.

இனி அந்த ஆறு நட்டுகள். மேனிஃபோல்டின் இரண்டு வாய்களிலும் மூன்று மூன்று ஸ்டட்டுகளில் டவுன் பைப் தொங்கும். அடியிலிருந்து நீண்ட எக்ஸ்டென்ஷனும் வளையும் மூட்டும் போட்டுச் சிலவற்றைப் பிடிக்கலாம். இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள கார்களில் ஸ்டியரிங் தண்டும் குறுக்கே நிற்கும். எட்டவில்லை என்றால் முறுக்கிக்கொண்டு பாடுபடாமல், இரண்டு கார்புரேட்டர்களையும் அவற்றின் பின்னாலுள்ள வெப்பத் தகட்டையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரம் கூடுதல், ஆனால் நட்டுகள் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் நட்டில் சாக்கெட் நேராக உட்காரும்.

அந்த வெப்பத் தகட்டின் பழைய காப்புப் பொருளிலும் பழைய கேஸ்கெட்டுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-ல்தான். உலர்ந்த நிலையில் சுரண்டவோ கம்பி பிரஷ் போடவோ வேண்டாம். நனைத்து எடுத்துப் பையில் கட்டி, உள்ளாட்சி சொல்லும் முறையில் அப்புறப்படுத்துங்கள்.

நட்டு அசையவில்லை என்றால் தளர்த்தும் திசையில் மட்டும் இழுத்துக்கொண்டிருக்காதீர்கள். ஒரு மயிரளவு இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, இப்படி முன்னும் பின்னுமாகப் போனால் துரு பொடிந்து வெளியேறும். சூடு காட்டுவது நல்ல வழிதான். ஆனால் கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் ஒரு கை தூரத்தில் இருக்கும் இடத்தில் ஊதுவிளக்கைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அளவுக்கு வந்துவிட்டால் மேனிஃபோல்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுபோய், வெளியில் வைத்துச் சூடு காட்டுவதே முறை. ஸ்டட் முறிந்தாலும் அதே வழிதான். காரில் வைத்தே கோணலாகத் துளையிட்டு மேனிஃபோல்டைக் கெடுப்பதைவிட, மேசையில் வைத்து நடுப்புள்ளி குத்தி நேராகத் துளையிடலாம்.

நட்டு கழலாமல் ஸ்டட்டோடு சேர்ந்து சுற்றிக்கொண்டு வெளியே வந்தால் கவலை வேண்டாம், எப்படியும் புது ஸ்டட்தான் போடப் போகிறோம். பழைய ஸ்டட்டை எடுக்க, இரண்டு நட்டுகளை அதில் ஏற்றி ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, உள்பக்க நட்டைத் திருப்பினால் ஸ்டட் வெளியே வரும்.

மேனிஃபோல்டைக் கழற்றியிருந்தால்

இல்லையென்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

எம்.ஜி.பி.யில் உள்ளிழுக்கும் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே கேஸ்கெட்டைப் பகிர்கின்றன. சில ஸ்டட்டுகளில் தடித்த பெரிய வாஷர் ஒன்று இரண்டின் விளிம்புகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கிறது. விளிம்புகளின் கனம் சமமாக இல்லையென்றால் வாஷர் சாய்ந்து உட்காரும், ஒரு பக்கம் கசியும். குழாய் மேனிஃபோல்டு போடுபவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது. பூட்டுவதற்கு முன் இரண்டின் கனத்தையும் அளந்து பார்த்துவிடுங்கள். வாஷர்கள் வளைந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

நேரான ஸ்டீல் ஸ்கேலை விளிம்புகளின் குறுக்கே வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். நெளிந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துச் சமப்படுத்தி வாங்கலாம். இரண்டு மேனிஃபோல்டையும் சேர்த்து வைத்துச் சமப்படுத்தினால் இன்னும் நல்லது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் 15 பவுண்டு-அடி, அதாவது சுமார் 20 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். கை நினைப்பதைவிட இது குறைவான இறுக்கம். இன்னும் கொஞ்சம் என்று இழுத்தால் ஹெட்டின் மரை போய்விடும்.

புதியதைத் தொங்கவிடுவது

மேனிஃபோல்டின் வாயிலுள்ள குழிவைச் சுத்தம் செய்யுங்கள். பழைய கேஸ்கெட் அங்கே கரியோடு கரியாக ஒட்டிக்கிடக்கும், இரும்பின் பகுதி என்றே தோன்றும். அதன் மேலேயே புதியதை வைத்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். புது ஸ்டட்டுகளில் ஆன்ட்டி-சீஸ் தடவி ஏற்றுங்கள். இந்தக் கேஸ்கெட் இணைப்பில் பேஸ்ட் போட வேண்டாம். பேஸ்ட் என்பது குழாய்க்குள் குழாய் நுழையும் இடத்துக்கு மட்டும்.

டவுன் பைப்பை ஜாக்கியின் மேல் ஒரு மரக்கட்டை வைத்து மெதுவாக மேலே ஏற்றினால் இரண்டு கையும் நட்டுக்கு விடுதலை. ஆறு நட்டுகளையும் விரலாலேயே இரண்டு மூன்று மரை ஏற்றுங்கள். விரலால் ஏறாத நட்டு கோணலாக நிற்கிறது, கழற்றி மறுபடி போடுங்கள். இப்போது இறுக்க வேண்டாம்.

அடுத்து கியர்பாக்ஸ் பிராக்கெட்டைத் தளர்வாகப் பூட்டுங்கள். இந்த பிராக்கெட்டை விட்டுவிட்டே ஓடும் கார்கள் நிறைய. பூட்டக் கடினம், விட்டாலும் குழாய் விழுவதில்லை. ஆனால் அது எடை தாங்க மட்டும் வைத்ததல்ல. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடம்பாக ஆடுகின்றன. குழாயின் முன்பகுதியைக் கியர்பாக்ஸோடு கட்டினால் அதுவும் சேர்ந்தே ஆடும், ஆட்டம் பின்னாலுள்ள ரப்பர்களுக்குப் போய் அங்கே அடங்கும். பிராக்கெட் இல்லாவிட்டால் ஒவ்வொரு குலுக்கலும் நேரே மேனிஃபோல்டின் ஆறு ஸ்டட்டுகளில் வந்து முடியும். நட்டு அடிக்கடி தளர்கிறது, டவுன் பைப் கவட்டையில் விரிசல் விடுகிறது என்று புலம்புபவர்களின் காருக்கு அடியில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இந்த பிராக்கெட் இருக்காது.

பிறகு நடுச் சைலன்சர், பின் சைலன்சர், வால் குழாய். நுழையும் முனையில் பேஸ்ட்டை மெல்லியதாக வெளிப்பக்கம் தடவுங்கள். உள்ளே வழிந்து கட்டியாகக் காய்ந்தால் அது வேறு தொல்லை. ஒன்றுக்குள் ஒன்று 4 செ.மீ. அளவாவது நுழைய வேண்டும். வெளிக்குழாயில் வெட்டுகள் இருந்தால் அவை முழுவதும் உள்குழாயின் மேல் வந்தாக வேண்டும், கொஞ்சம் வெளியே நீட்டினாலும் அந்த வழியாகப் புகை வரும். ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு ‘யூ’ வடிவக் கிளாம்பைவிடப் பட்டைக் கிளாம்பு நல்லது. ‘யூ’ கிளாம்பு குழாயை நசுக்கிப் பள்ளம் போட்டுவிடும், அடுத்த முறை கழற்ற வராது. ஸ்டெயின்லெஸ் போல்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வறட்டுத்தனமாக இறுக்கினால் இரண்டும் ஒன்றையொன்று கவ்விப் பற்றவைத்ததுபோல ஆகிவிடும். அங்கேயும் ஆன்ட்டி-சீஸ் தடவுங்கள்.

எல்லாம் தளர்வாகத் தொங்குகிறதா? இனி அவசரப்படாதீர்கள். மொத்த வேலையில் நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கீழே படுத்துக்கொண்டு குழாயை முன்னும் பின்னும் தள்ளியும், சைலன்சர்களை அவற்றின் அச்சில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியும், எல்லா ரப்பரும் நேராகத் தொங்கும் ஒரு நிலையைத் தேடுங்கள். சாய்ந்த ரப்பர் என்றால் குழாய் எங்கோ இழுபடுகிறது. வாலில் ஒரு அங்குலம் நகர்த்த வேண்டுமென்றால் பெரும்பாலும் நடு இணைப்பைச் சில டிகிரி திருப்பினால் போதும். வாலைப் பிடித்து வளைக்க வேண்டாம்.

தரைத்தகடு, ஆக்சில், ஸ்பிரிங், ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் எல்லாவற்றிலிருந்தும் 20 முதல் 25 மி.மீ. இடைவெளி வையுங்கள். ரப்பர், வயர், பெட்ரோல் சம்பந்தப்பட்டது என்றால் இன்னும் கூட. ஆக்சிலுக்குப் பக்கத்தில் மட்டும் பக்கவாட்டு இடைவெளியோடு மேலும் கீழும் நகர இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பள்ளத்தில் விழும்போது ஆக்சில் ஏறிவரும். நீளவாக்கில் அந்த 10 மி.மீ. விரிவுக்கு ரப்பர்கள் பின்னோக்கிச் சாய இடமிருக்க வேண்டும்.

இறுக்கும் வரிசை

முன்னிருந்து பின்னால். முதலில் மேனிஃபோல்டின் ஆறு பித்தளை நட்டுகள், ஒவ்வொன்றாகக் கால் சுற்று, இரண்டு வாய்களுக்கும் மாறி மாறி. ஒரு வாயை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் குழாய் கோணிக்கொள்ளும். பித்தளையை முழு பலத்தில் இழுக்காதீர்கள். அடுத்து கியர்பாக்ஸ் பிராக்கெட். அது தானாகக் குழாயைத் தொடும் இடத்தில் பூட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் வாஷர் வைத்து நிரப்புங்கள், குழாயை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிறகு நடு இணைப்பு, பின் இணைப்பு, கடைசியில் ரப்பர் மவுண்டுகள். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் ஒரு முறை இடைவெளிகளைப் பாருங்கள், கிளாம்பு இறுகும்போது குழாய் கொஞ்சம் சுழலும்.

முடிந்ததும் வால் குழாயைக் கையால் பிடித்து ஆட்டுங்கள். ஊஞ்சல்போல ஆடி, தானாகத் தன் இடத்துக்குத் திரும்பி வந்து நிற்க வேண்டும். எங்கும் ‘டக்’ என்று தட்டக்கூடாது. ஸ்டெயின்லெஸ் என்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் தின்னர் நனைத்த துணியால் முழுக்கத் துடைத்து, காயவிடுங்கள். கைரேகை எண்ணெய் முதல் சூட்டிலேயே பழுப்புத் தடமாகச் சுட்டு நிலைத்துவிடும்.

முதல் ஸ்டார்ட்

கார்புரேட்டரைக் கழற்றியிருந்தால் பெட்ரோல் கசிவு இல்லையென்று பம்பை ஓடவிட்டுப் பாருங்கள், தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும். காரை வெளியே தள்ளிக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்யுங்கள். கராஜ் கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும் முதல் நிமிடத்திலேயே சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்தால் கசிவு இருக்கும் இடத்தில் நுரை குமிழியிடும். உதவிக்கு ஒருவர் இருந்தால், கெட்டியான கையுறையோடு மடித்த துணியை வால் குழாயில் ஒரு கணம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அமைப்பு இறுக்கமாக இருந்தால் எஞ்சின் திணறி அணையப் பார்க்கும். நிம்மதியாக ஓடிக்கொண்டே இருந்தால் புகை வேறு வழியில் போகிறது, ‘உஸ்’ என்ற சத்தம் எங்கே என்று தேடலாம்.

முதல் பதினைந்து இருபது நிமிடம் புகையும், நாற்றமும் வரும். குழாய் மேலுள்ள எண்ணெயும் பேஸ்ட்டின் ஈரமும் எரிவதுதான் அது, பயப்பட வேண்டாம். பேஸ்ட் சூட்டில்தான் கெட்டியாகும், அதனால் மிதமான ஐடிலிங்கில் ஓடவிட்டு, முழுவதும் ஆறவைத்து, எல்லா நட்டுகளையும் ஒரு முறை சோதியுங்கள்.

சைலன்சர் வகையையோ மேனிஃபோல்டையோ மாற்றியிருந்தால் கார்புரேட்டர் கலவையையும் பார்க்க வேண்டியிருக்கும். இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். வெளிர்பழுப்பு என்றால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரியாக இருந்தால் அதிகம். எஸ்.யூ.வில் கலவை நட்டையோ திருகையோ ஒரு முறைக்கு ஆறில் ஒரு சுற்று மட்டும், இரண்டு கார்புரேட்டரிலும் சமமாகத் திருப்பி மறுபடி பாருங்கள். அசல் வகைக்குப் பதில் அசல் வகையே போட்டிருந்தால் இதைத் தொடவே வேண்டியிருக்காது. பழைய எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்த நாளில் யாராவது அதற்கேற்பத் திருப்பி வைத்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு, கார் முழுவதும் ஆறியிருக்கும்போது, மறுபடி தூக்கி முன்னிருந்து பின்னாக எல்லா நட்டுகளையும் ஒரு சுற்று இறுக்குங்கள். புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும், பித்தளை நட்டுகள் கால் சுற்று ஏறும். ரப்பர்கள் இன்னும் நேராகத் தொங்குகின்றனவா, தரைத்தகட்டில் எங்காவது உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தடம் இருந்தால் அந்த இடத்துக்கு முன்னாலுள்ள இணைப்பைத் தளர்த்தி, சைலன்சரைத் திருப்பி, மறுபடி பூட்டுங்கள். தடம் எதுவும் இல்லையென்றால் பழைய குழாய்த் துண்டுகளை எடைக்குப் போடலாம்.